‘பிரபல சமூக சேவையாளர்’: ஒரு பிந்திய திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த நீண்ட காலத்தில் மிக அதிகமான தடவைகள் எழுதியதும், பிறர் எழுதி அனுப்பியபோது திருத்தாமல் விட்டதுமான சொற்றொடர் எதுவெனக் கேட்டால், ‘பிரபல சமூக சேவையாளர்’ என்பதே எனது பதிலாக இருக்கும். பிரதேச நிருபர்கள் அனுப்பும் செய்திகளில் கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்திற்கு நன்கொடை வழங்கிய வர்த்தகர் சமூக சேவையாளர். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு வெற்றிக் கிண்ணம் அன்பளிப்புச் செய்தவரும் சமூக சேவையாளர். மரண அறிவித்தல்களில் சமாதான நீதவான் என்ற பட்டத்துக்கு அருகில் தவறாமல் இடம்பெறுவதும் அதுவே. பொன்னாடை போர்த்தி ‘தேசகீர்த்தி’, ‘சமூகஜோதி’ என்று பட்டம் சூட்டும் விழாக்களின் படங்களுக்குக் கீழே எத்தனை சமூக சேவையாளர்களின் பெயர்களை நான் அச்சேற்றியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அவர்களில் பலர் உண்மையாகவே நல்லவர்கள். அவர்களின் கொடையைக் குறைத்து மதிப்பிடுவது எனது நோக்கமன்று. ஆயினும் கொடை வேறு, சமூகப் பணி வேறு என்பதையும், பின்னையது தனக்கென ஒரு வரலாறும் பயிற்சியும் ஒழுக்க நெறியும் கொண்ட ஒரு தொழில் என்பதையும் நான் மிகவும் காலந்தாழ்த்தியே அறிந்துகொண்டேன். அதை எனக்குக் கற்பித்தது ஒரு நூலோ கருத்தரங்கோ அன்று. 2005ஆம் ஆண்டின் முதல் வாரங்களில் நான் இழைத்த ஒரு பிழையே அதைக் கற்பித்தது.

ஒரு பெயரும் ஓர் ஊரும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்து இந்நாட்டின் கரையோரங்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அடுத்த சில நாட்களில் கிழக்குக் கரையில் ஒரு பாடசாலையில் அமைக்கப்பட்டிருந்த நலன்புரி நிலையத்துக்குச் சென்றிருந்தேன். தாய் தந்தை இருவரையும் இழந்த ஒரு பிள்ளையின் கதை வேண்டும் என்பது ஆசிரிய பீடத்தின் கோரிக்கை. அப்படியொரு சிறுமி அங்கே இருந்தாள். அவளுக்கு அருகில், சிறுவர் பராமரிப்புத் துறையில் பணியாற்றிய இளம்பெண் ஒருவர் ஒரு கொப்பியும் கையுமாக அமர்ந்திருந்தார்.

“பிள்ளையோட கதைக்கலாம் சேர். ஆனா பேரும் ஊரும் படமும் வேண்டாம்” என்றார் அவர்.

பெயரில்லாத கதையை யார் வாசிப்பார்கள் என்று நான் வாதிட்டேன். செய்தி வெளிவந்தால் அந்தப் பிள்ளைக்கு உதவிகள் வந்து குவியும் என்றும் சொன்னேன்.

“உதவி வரும் சேர். அதோட வேற ஆரெல்லாம் வருவாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

படத்தைத் தவிர்த்தேன். பெயரையும் ஊரையும் எழுதினேன். அதையே பெரியதொரு விட்டுக்கொடுப்பாக அன்று கருதினேன். செய்தி வெளிவந்து ஒரு வாரத்துக்குள் பத்திரிகை நறுக்கோடு பலர் அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் தன்னைத் தூரத்து மாமன் என்றார். ஒரு தம்பதியர் தத்தெடுக்க விரும்பினர். இன்னொருவர் தூர இடத்திலுள்ள ஓர் இல்லத்தில் சேர்க்கப்போவதாகக் கூறினார். எவர் நல்லெண்ணத்துடன் வந்தார், எவர் வேறெண்ணத்துடன் வந்தார் என்பதை எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கோரிக்கையையும் விசாரித்தே ஆகவேண்டும். இதற்கிடையில் அந்த இளம்பெண் முகாம் முகாமாக அலைந்து, சிறுமியின் அம்மம்மா வேறொரு நிலையத்தில் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். என் செய்தி கிளப்பிய விசாரணைகள் முடியும்வரை, மேலும் மூன்று வாரங்கள் அந்தப் பிள்ளை தன் அம்மம்மாவிடம் போக முடியாமல் காத்திருந்தது.

பின்னொரு தடவை அங்கு சென்றபோது அவருடைய கொப்பியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எந்த நிலையத்தில் எந்த ஊரவர் தங்கியிருக்கின்றனர், சிறுமியின் தந்தையோடு தொழிலுக்குப் போனவர் யார், தாயின் ஊர் எது, அங்கு செல்லும் பேருந்து எத்தனை மணிக்கு என்று பக்கம் பக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு துப்பறிவாளனின் கொப்பி போலிருந்தது அது. அந்தப் பிள்ளையின் துயரத்தைப் பற்றி என்னிடம் நான்கு பத்திகள் இருந்தன. அவளை யாரிடம் சேர்ப்பது என்பது பற்றி என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

அதன் பின்னரே இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

விசாரிக்க வந்தவர்கள் கற்றுக்கொண்டது

வறியோருக்கு ஈவது எல்லாச் சமயங்களிலும் உள்ள பழைய அறம். சமூகப் பணி என்ற தொழிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில் நகரங்களில் பிறந்தது. 1869இல் லண்டனில் தோன்றிய தரும நிறுவன ஒழுங்கமைப்புச் சங்கம், கொடுப்பதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்றது. சங்கத்தினர் வீடு வீடாகச் சென்று குறிப்பெடுத்தனர். அவர்களிடம் ஒரு பெருங்குறையும் இருந்தது. உதவி பெறத் தகுதியுடைய ஏழை, தகுதியற்ற ஏழை என்று மனிதரை இரண்டாகப் பிரித்தார்கள். வறுமைக்குக் காரணம் ஏழையின் குணம் என்ற எண்ணம் அவர்களோடு கூடவே நடந்தது.

ஆனால் வீட்டுக்குள் சென்று பார்த்தவர்களின் மனம் மெல்ல மாறியது. இதற்கு ஒரு நல்ல உதாரணம் லண்டன் றோயல் ஃபிறீ மருத்துவமனை. இலவசச் சிகிச்சையை வசதியுள்ளோர் தவறாகப் பயன்படுத்துகின்றனரா என்று கண்டறிவதற்காக 1895இல் மேரி ஸ்டுவர்ட் என்ற பெண்மணி அங்கே நியமிக்கப்பட்டார். அவரது பணி விரைவிலேயே வேறொன்றாக விரிந்தது. வீட்டில் உணவில்லாதவனுக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பதைக் கண்டு, நோயாளிகளுக்குரிய பிற உதவிகளை ஒழுங்கு செய்வது அவரது வேலையாயிற்று. காவலுக்கு வைக்கப்பட்டவர் துணையாக மாறினார். மருத்துவமனைச் சமூகப் பணியின் தொடக்கம் அதுவே.

இன்னொரு நீரோட்டம் அயலிலேயே குடியேறி வாழ்வதிலிருந்து வந்தது. 1884இல் கிழக்கு லண்டனில் டொயின்பீ மண்டபமும், 1889இல் சிக்காகோவில் ஜேன் அடம்ஸும் எலன் கேற்ஸ் ஸ்ராரும் தொடங்கிய ஹல் இல்லமும் இவ்வகையின. குப்பை அள்ளப்படாத தெருக்களில் பிள்ளைகள் நோயுறுவதைக் கண்ட ஜேன் அடம்ஸ், 1895இல் தமது வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகர் பதவியை ஏற்று, அதிகாலையில் குப்பை வண்டிகளின் பின்னால் சென்றார். சிறுவர்களுக்கென ஒரு தனி நீதிமன்றம் 1899இல் சிக்காகோவில் உருவானதிலும் அந்த இல்லத்துப் பெண்களுக்குப் பங்குண்டு. 1931இல் ஜேன் அடம்ஸ் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மேரி றிச்மண்ட் 1917இல் வெளியிட்ட ‘சமூக நோயறிதல்’ என்ற நூல், ஒரு குடும்பத்தின் நிலையை எவ்வாறு விசாரித்து, சான்றுகளை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்பதை ஒரு முறையாக வகுத்துத் தந்தது.

ஒரு மனிதனின் இடர்ப்பாட்டைத் தனியாக ஆராய்வது ஒரு வழி. அந்த இடர்ப்பாட்டைப் பிறப்பிக்கும் தெருவையும் சட்டத்தையும் மாற்றுவது மற்றொரு வழி. இவ்விரண்டும் சேர்ந்ததே இத்தொழில். எமது அண்டை நாட்டில் இதற்கான முதற் கல்லூரி 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவில் தோன்றியது. இன்றைய டாட்டா சமூக விஞ்ஞான நிறுவகம் அதன் வழி வந்ததே.

இலங்கையில்: மலேரியாவும் பருப்பும்

எமது நாட்டில் கொழும்பு நட்புதவிச் சங்கம் 1831இலேயே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் 1850இல் நிறுவிய மருத்துவமனையும் இத்தகைய சங்கமொன்றினாலேயே நடத்தப்பட்டது. இன்று நாம் யாழ். போதனா வைத்தியசாலை என்று அழைப்பது அதன் வளர்ச்சியே. இவை பெருங் காரியங்கள்தாம். எனினும் கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் இருந்த ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டை உலுக்கியது 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, நுளம்பு பெருகியது. மலேரியாவை அதிகம் அறியாத, அதனால் உடலில் எதிர்ப்புச் சக்தியற்ற ஈரவலயத்து மக்கள் கேகாலை, குருநாகல் பகுதிகளில் கூட்டங் கூட்டமாக மடிந்தனர். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்றனர். கலாநிதி என். எம். பெரேரா பருப்பு விநியோகித்ததால் மக்கள் அவரைப் ‘பரிப்பு மாத்தயா’ என்று அழைத்த கதை எமது தலைமுறைக்கு நன்கு தெரியும். கொய்னா மட்டும் போதாது, பசித்த உடலில் மருந்து நிற்காது என்பதை அவர்கள் கண்டனர். லண்டன் மருத்துவமனையில் மேரி ஸ்டுவர்ட் கண்டதும் இதையே.

இவ்விடத்தில் டாக்டர் மேரி இரட்ணம் அவர்களை நினைவுகூராமல் இருக்க முடியாது. கனடாவில் பிறந்து மிஷன் மருத்துவராக 1896இல் இங்கு வந்த அவர், ஒரு தமிழரை மணந்தமையால் மிஷனின் ஆதரவை இழந்தார். அவரோ நாட்டை விட்டுப் போகவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தில் முன்னின்றார். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரத்தையும் போசாக்கையும் கைத்தொழிலையும் கற்பித்தார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். 1958இல் றமொன் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. நோயாளியின் படுக்கையில் தொடங்கி வாக்குச் சாவடியும் நகரசபையும்வரை அவரது பணி சென்ற பாதையே, ஒரு சமூகப் பணியாளரின் பாத்திரம் என்ன என்பதற்கு நாம் காட்டக்கூடிய சிறந்த விளக்கம். எமது பாடநூல்கள் அவரைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்லலாம்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் வறியவனும் ஒரு வாக்காளனானான். 1939இல் வறியோர் சட்டமும், சிறுவர் இளையோர் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் 1944இல் நியமிக்கப்பட்ட சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் தனது அறிக்கையை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் தோன்றியது. வறியோரின் வாழ்வு அரசின் பொறுப்பு என்பது இவ்வாறு ஏட்டில் ஏறியது. ஆயினும் அத்திணைக்களம் வழங்கிய பொதுசன உதவிப் பணத்தை எமது ஊர்களில் ‘பிச்சைச் சம்பளம்’ என்றே அழைத்தனர். நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன். சட்டம் உரிமை என்று கருதியதைச் சனங்களின் நாக்கு பிச்சை என்றது. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே தபாற் கந்தோர் வரிசையில் நிற்காமல் பட்டினி கிடந்த கிழவிகளை நான் அறிவேன்.

எங்கெல்லாம் அவர்கள் பணி

முதலில் நீதிமன்றம். 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தின்படி, குற்றமிழைத்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஓர் உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விட நீதவானுக்கு அதிகாரமுண்டு. 1956இல் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் தனியாக அமைந்தது. ஒரு சிறுவன் ஏன் திருடினான் என்று அவனது வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுபவர் இந்த உத்தியோகத்தர். நீதிமன்றச் செய்தியாளனாக நான் இருந்த நாட்களில், அந்த அறிக்கை வாசிக்கப்படும் வேளையில் தேநீர் குடிக்க வெளியே போய்விடுவேன். செய்தி தீர்ப்பில் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன்.

அடுத்தது கிராமம். நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் மாணவர்களை அழைத்துச் சென்ற சிரமதானத்திலிருந்து வளர்ந்ததே சர்வோதய இயக்கம். வெளியிலிருந்து வருபவன் வீதி போட்டுக் கொடுப்பதை விட, ஊரவர் கூடித் தமக்கு எது வேண்டும் என்று தாமே முடிவு செய்வது முக்கியம் என்பது அதன் பாடம்.

மலையகத்திலோ தேவை வேறு வகையானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையை மீட்டளித்தது. ஆனால் உரிமை ஏட்டில் இருந்தாற் போதாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாதவருக்கு வங்கிக் கணக்கோ வாக்கோ இல்லை. லயத்துக்கு லயம் ஏறி, கிழவர்களின் நினைவிலிருந்து பிறந்த ஆண்டைக் கண்டறிந்து, நடமாடும் சேவைக்கு அழைத்துச் சென்று, ஒரு துண்டுக் காகிதத்தைப் பெற்றுக் கொடுப்பது அங்கே பெரிய சமூகப் பணி. அதைச் செய்தவர்களின் கழுத்தில் மாலை விழுந்ததை நான் கண்டதில்லை.

நான்காவது, மனம். 1995இல் எமது நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. துயருற்றோரின் குரலைக் கேட்பதற்கென 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பினர் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தனர். கொடிய பீடைகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின்னர் அந்த விகிதம் பெருமளவில் வீழ்ந்தது. தனிமனிதனோடு பேசுவதும் சட்டத்தை மாற்றுவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியோரும், ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் பயிற்றி உளவளத்துணையை ஊருக்குள் கொண்டு சென்றனர். மருத்துவர் ஒருவரும் நோயுற்றோர் ஆயிரக்கணக்கிலும் இருந்த காலத்தில் அதைவிட வேறு வழி இருக்கவில்லை.

2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இத்தொழிலைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. தரப்பினருக்கு ஆலோசனை வழங்கச் சமூகப் பணியாளரை நியமிக்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரமளிக்கிறது. அதே ஆண்டிலேயே தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப் பணிக்கான பட்டப்படிப்புத் தொடங்கியது. 1952இல் ஒரு சிறு பயிற்சி நிலையமாக ஆரம்பித்த அந்நிறுவகம் பட்டம் வழங்கும் நிலையை எட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. சுனாமி வந்தபோது முகாம்களில் நின்ற இளைஞர் பலர் சில நாட் பயிற்சியோடுதான் அந்தப் பாரத்தைச் சுமந்தனர்.

கேள்வி ஒன்றே

இத்துறைகளைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: இந்த மனிதனுக்கும் அவனுக்கு உரியதற்கும் இடையில் நிற்பது எது? சில இடங்களில் அது ஒரு காகிதம். சில இடங்களில் ஒரு சட்டம், ஒரு வெட்கம், ஒரு குடிகாரக் கணவன். தடையை இனங்கண்டு அகற்ற உதவுவதும், அகன்றபின் ஒதுங்கிக்கொள்வதும் சமூகப் பணியாளரின் பாத்திரம். கொடையாளியின் பெயர் கல்வெட்டில் இருக்கும். நல்ல சமூகப் பணியாளரின் பெயரை உதவி பெற்றவரே சில ஆண்டுகளில் மறந்துவிடக்கூடும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இதன் தேவை மேலும் கூடியிருக்கிறது. 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தபோது, விண்ணப்பங்களோடும் மேன்முறையீடுகளோடும் பிரதேச செயலகங்களின் முன் திரண்ட கூட்டத்தை நாம் கண்டோம். படிவம் நிரப்பத் தெரியாதவர், ஏன் தனது பெயர் விடுபட்டது என்று கேட்கத் தெரியாதவர், கேட்கப் பயந்தவர் என்று எத்தனை பேர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வட பகுதியில் பெரிய வீடுகளில் தனித்திருக்கும் முதியோரின் தேவையோ பணத்தினால் தீராதது. இவர்களிடம் செல்லப் பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும். அவர்களுக்கு முறையான நியமனமும், சுமக்கக்கூடிய அளவு வேலையும், கௌரவமான சம்பளமும் வேண்டும். சேவை என்ற சொல்லைச் சொல்லியே இவற்றைக் கொடுக்காமல் விடுவது எமது பழைய வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்கில் ஒரு நிகழ்வில் அந்தப் பெண்ணை மீண்டும் சந்தித்தேன். தலையில் நரை எட்டிப் பார்த்திருந்தது. சிறுமியைப் பற்றிக் கேட்டேன். நலமாக இருக்கிறாள் என்பதற்கு மேல் எதையும் அவர் சொல்லவில்லை. எங்கே, என்ன செய்கிறாள் என்று நான் தொடர்ந்து கேட்டபோது சிரித்துவிட்டு, “இன்னும் எழுதிறீங்களா சேர்?” என்றார். உங்களைப் பற்றியாவது எழுதட்டுமா என்று கேட்டேன். பேரும் ஊரும் படமும் இல்லாமல் எழுதலாம் என்றார்.

பத்திரிகைகளில் பிழை நேர்ந்தால் மறுநாள் ஒரு மூலையில் ‘திருத்தம்’ என்று சிறிதாகப் போடுவோம். இத்தனை ஆண்டுகள் பிந்தியாவது அதை இங்கே பதிவு செய்கிறேன். நான் ‘பிரபல சமூக சேவையாளர்’ என்று எழுதிய இடங்களிலெல்லாம் ‘கொடையாளி’ என்று திருத்தி வாசிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சமூகப் பணியாளர் ஒருவரைப் பற்றி நான் எழுதிய முதலாவது கட்டுரை இதுவாகும். அவர் கேட்டுக்கொண்டவாறே, பெயரும் ஊரும் படமும் இதில் இல்லை.